கூட்டத்தில் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

வாசகி ஒருவரிடமிருந்து நீளமான கடிதம் வந்திருக்கிறது. ஆள் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருக்கு 38 வயது. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டிலிருந்து பஸ், பிறகு ரயில். போக ஒன்றேகால் மணி நேரம், வரவும் அவ்வளவே. 11 வருடமாக இதே பாடு. "முன்பெல்லாம் அலுப்பாக இருக்கும், அவ்வளவுதான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன்" என்கிறார். முதுகுப்பையால் இடிப்பவர், போனில் சத்தமாகப் பாட்டு வைப்பவர், இறங்க விடாமல் ஏற முண்டியடிப்பவர் என்று எல்லோர் மீதும் வெறுப்பு. இரண்டு மாதத்துக்கு முன், முழங்கை பட்டுவிட்டது என்பதற்காக ஒரு வயதானவரைப் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி திட்டியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன், ரயில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றபோது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போய், அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கி நடைமேடையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நாலைந்து தடவை வாடகைக் காரில் போயிருக்கிறார், இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்ததும் மகன் மீது எரிந்து விழுகிறார். கணவர் கேட்கிறாராம்: "ஊரே போய் வருகிறது, உனக்கு மட்டும் என்ன?" வேலையை விட்டுவிடலாமா, தனக்கு மனநோய் ஏதாவது வந்துவிட்டதா, அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கடிதம் முழுக்க அதுதான் உங்களைக் குத்துகிறது. ஊரே போய் வருகிறது என்பது சரி. ஊரே நிம்மதியாகப் போய் வருகிறது என்று யார் சொன்னது? நாளை ஏறும்போது சுற்றி நிற்பவர்களின் முகத்தை ஒரு நிமிடம் பாருங்கள். போனில் புதைந்த முகம், கண்ணை மூடிய முகம், கதவுக்கு மேலே இருக்கும் ஸ்டேஷன் பட்டியலை நூறாவது தடவையாகப் படிக்கும் முகம். அவர்களைப் பார்த்து நீங்கள் "எல்லோரும் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள்" என்று நினைக்கிறீர்கள். அவர்களும் உங்களைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார்கள். 2004-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளில் செய்த ஒவ்வொரு காரியத்தின்போதும் மனம் எப்படி இருந்தது என்று வரிசையாக எழுதச் சொன்னார்கள். வீட்டு வேலை, சமையல், அலுவலக வேலை எல்லாவற்றையும் விடக் கீழே, பட்டியலின் அடியில் கிடந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். எனவே "எனக்கு மட்டும்" என்ற எண்ணத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

கோபம் எங்கிருந்து வருகிறது

உங்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் ஒருவர் வந்து நிற்பது என்பது குழந்தை, துணை, நெருங்கிய உறவு ஆகியோருக்கு மட்டும் நாம் திறந்துவிடும் இடம். எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர் 1960-களில் இந்தத் தூரங்களை அளந்து எழுதினார். அவர் பார்த்தது அமெரிக்கர்களை, கணக்கு சமூகத்துக்குச் சமூகம் கொஞ்சம் மாறும். ஆனால் பிடரியில் அந்நியர் ஒருவரின் மூச்சு படும்போது தோள் தானாக இறுகுவது எல்லா இடத்திலும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் சமாளிக்கலாம், ஆறு பேருக்கு மேல் போனால் பிதுங்கல் என்பது பெட்டிகளைத் திட்டமிடுகிறவர்களின் கணக்கு. ஒரு சின்ன மேசையின் பரப்பில் ஆறு பேர். அதில் ஒருவராக, ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை, மூக்கு அரித்தால் சொறியக்கூட வழியில்லாமல் நிற்கிறீர்கள். உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராகிறது. சண்டை போட ஆளில்லை, ஓட இடமில்லை. அந்த முறுக்கு வீட்டு வாசல் வரை கூடவே வருகிறது.

கூட்டத்தைவிடவும் நம்மை அதிகம் அரிப்பது ஒன்று இருக்கிறது: எதுவும் நம் கையில் இல்லை என்ற உணர்வு. 1970-களில் ஸ்வீடனில் உல்ஃப் லுண்ட்பெர்க் என்ற உளவியலாளர் ஸ்டாக்ஹோமுக்குத் தினமும் ரயிலில் வருபவர்களின் சிறுநீரில், மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலினின் அளவைப் பார்த்தார். முதல் ஸ்டேஷனில் ஏறுபவர்களுக்கு வெகுதூரப் பயணம். பாதி வழியில் ஏறுபவர்களுக்குப் பயண நேரம் குறைவு. ஆனால் அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தது பாதி வழியில் ஏறியவர்களிடம்தான். முதலில் ஏறுபவர் எங்கே உட்கார்வது, யார் பக்கத்தில் உட்கார்வது, பையை எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்கிறார். நடுவில் ஏறுபவருக்குக் கிடைத்ததுதான். கடிதத்தில் நீங்கள் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தேன்: உங்கள் ஸ்டேஷன் ஏழாவது.

இதை வைத்து ஒரு சோதனை செய்து பாருங்கள். வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம் முன்னதாகக் கிளம்பி, எதிர்த்திசை ரயிலில் முதல் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து உட்கார்ந்து வாருங்கள். பயண நேரம் கூடும் என்று கணவர் சிரிப்பார். சிரிக்கட்டும். (இதற்குத் தனி டிக்கெட் வேண்டுமா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.) அது முடியாத நாளில் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலோர் படிக்கட்டு இறங்கும் இடத்திலேயே நின்று ஏறிவிடுகிறார்கள். நடைமேடையின் கோடி வரை நடந்தால் பல ஸ்டேஷன்களில் நெரிசல் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நிற்கும் இடத்தையும் நீங்களே முடிவு செய்யுங்கள். கதவோரம் நின்றால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இடிபட வேண்டும். உள்ளே நகர்ந்து இருக்கை வரிசைக்கு நடுவில் நிற்பது எவ்வளவோ மேல். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டுங்கள். காதுக்கு இயர்போன். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு மட்டுமே பெரிய வேலை செய்யும் என்பதற்கு உளவியலாளர்கள் டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972-இல் வெளியிட்ட சோதனைகள் சாட்சி. இரைச்சலில் உட்கார வைக்கப்பட்டவர்களில் சிலருக்கு மட்டும், வேண்டுமானால் அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தான் கொடுத்தார்கள். அவர்களில் அநேகமாக யாருமே அதை அழுத்தவில்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலைகளை அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

மூன்று பஸ் சேர்ந்து வருவது

"இருபது நிமிடம் ஒன்றுமே வராது, அப்புறம் மூன்று பஸ் வால் பிடித்த மாதிரி வரும், வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று பொருமியிருக்கிறீர்கள். இந்த ஒரு கோபத்தை நீங்கள் விட்டுவிடலாம், யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை. ஒரு பஸ் சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த ஸ்டாப்பில் கூடுதலாக ஆட்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற நேரமாகும். இன்னும் தாமதம், அதற்கடுத்த ஸ்டாப்பில் இன்னும் பெரிய கூட்டம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றுவதற்கு ஆளே இல்லை, அது வேகமாக வந்து முன்னால் போவதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. 1964-இலேயே நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் இதைக் கணிதமாக எழுதிக் காட்டிவிட்டார்கள். இதிலிருந்து உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. பிதுங்கி வழியும் முதல் பஸ்ஸின் படியில் தொற்றிக்கொள்ளாதீர்கள். பின்னால் இன்னொன்று கண்ணுக்குத் தெரிந்தால், அதில் பெரும்பாலும் நிற்கவாவது இடம் இருக்கும்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனது

மூன்றாவது பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் எழுதியிருக்கிறீர்கள்: "ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் என் பின்னால் வந்து நின்று வேண்டுமென்றே சாய்கிறார், கூட்டத்தில் இதெல்லாம் சகஜம்தானே."

இல்லைங்க, இது சகஜம் கிடையாது. முதுகுப்பைக்காரரையும் பாட்டு வைப்பவரையும் இவரையும் ஒரே பட்டியலில் வைக்காதீர்கள். கூட்டத்தில் படுகிற உடம்பு, இடம் கிடைத்தால் விலகும். இடம் கிடைத்தும் விலகாமல், நாள் பார்த்து உங்கள் பின்னாலேயே வந்து நிற்பது பாலியல் தொல்லை. பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்த நிமிடத்தில் உங்களால் வாய் திறக்க முடியாமல் போயிருக்கலாம். உடம்பு உறைந்துபோவதும் பயத்தின் ஒரு விதம்தான். அதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

அடுத்த தடவை நடந்தால், முடிந்தால், சத்தமாக, அடையாளத்தோடு சொல்லுங்கள்: "நீலச் சட்டை போட்டிருப்பவர், என் மேல் சாயாதீர்கள், தள்ளி நில்லுங்கள்." சும்மா "தள்ளுங்க" என்றால் பெட்டியில் இருக்கும் நாற்பது பேரும் தங்களை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சட்டை நிறத்தைச் சொன்னால் எல்லோருடைய கண்ணும் ஓர் இடத்துக்குப் போகும். பேச முடியவில்லை என்றால் இடம் மாறுங்கள், ஆனால் இறங்கியவுடன் தேதி, நேரம், ரயில், எந்தப் பெட்டி, அவர் எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் ஊழியரிடமோ போலீசிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். கேமரா பதிவுகளைப் பெரும்பாலும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழிந்துவிடும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கொடுக்கத் தயக்கமாக இருந்தாலும் குறிப்பை மட்டும் விடாதீர்கள். உங்கள் கோபத்தில் எவ்வளவு பங்கு இந்த ஆளால் வந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இவரிடம் காட்ட முடியாததைத்தான் அந்தப் பெரியவரிடம் காட்டினீர்களோ?

அன்று ரயில் நின்றபோது நடந்தது

நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் அது பதற்றத் தாக்குதல் போலத்தான் இருக்கிறது. ஆனால் கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கிளம்புவதாகவும், சமீபமாக மாடி ஏறினாலும் படபடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு இரண்டிலுமே படபடப்பு வரும். அதனால் முதலில் பொது மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி கை, தாடை பக்கம் பரவினாலோ, மயங்கி விழுந்தாலோ, ஆலோசனைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டால், அன்றைக்கு நடந்ததைப் புரிந்துகொள்வது பாதி மருந்து. "பெட்டியில் காற்றே இல்லை" என்று தோன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். காற்று புழுக்கமாக இருந்திருக்கும், இல்லாமல் போயிருக்காது. பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் மூச்சு போதவில்லை என்ற உணர்வும் அதனால் வருபவை. அந்த நேரத்தில் இன்னும் ஆழமாக இழுக்காதீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். இந்த அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும்.

எனக்கு அதைவிடக் கவலை, பிறகு எடுத்த வாடகைக் கார்கள் மீதுதான். அன்று இறங்கியதும் நிம்மதி வந்தது. மூளை அதை "ரயில் ஆபத்து, தப்பித்தோம்" என்று எழுதி வைத்துக்கொண்டது. ஒவ்வொரு கார் பயணமும் அந்தக் குறிப்பின் கீழே இன்னொரு கையெழுத்து. இப்படியே போனால் ரயில், பிறகு பஸ், பிறகு வரிசையில் நிற்பது என்று உலகம் சுருங்கிக்கொண்டே போகும். பொதுப் போக்குவரத்தைக் கண்டு பயப்படுவது அகோராபோபியா என்ற கோளாறின், அதாவது சட்டென்று தப்பிக்க முடியாத இடங்களைக் கண்டு அஞ்சி ஒதுங்குவதன், அடையாளங்களில் ஒன்று. நீங்கள் அங்கே போய்விட்டீர்கள் என்று சொல்லவில்லை, மூன்று வாரத்தில் அப்படி யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். வழியிலேயே திரும்பிவிடலாம் என்கிறேன். கூட்டமில்லாத ஒரு விடுமுறை நாளில், தோழி யாரையாவது கூட்டிக்கொண்டு இரண்டு ஸ்டேஷன் போய் இறங்குங்கள். அடுத்து தனியாக. அடுத்து ஐந்து ஸ்டேஷன். அப்புறம் வேலை நாளில், நெரிசல் தொடங்குவதற்கு முன். ஒவ்வொரு படியும் சலித்துப்போகும் வரை அதிலேயே இருங்கள். தனியாக முடியவில்லை என்றால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை) தெரிந்த உளவியலாளர் ஒருவரைப் பாருங்கள். இந்தப் பிரச்சினைக்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சை அது.

கிறுகிறுப்பு வரும் நாளில் உட்கார இடம் கேட்கத் தயங்காதீர்கள். "வெட்கமாக இருக்கிறது" என்கிறீர்கள். உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970-களில் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலில் ஏற்றி, எந்தக் காரணமும் சொல்லாமல் இடம் கேட்கச் சொன்னார். ஏறத்தாழ 68 சதவீதம் பேர் எழுந்தோ நகர்ந்தோ இடம் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டதெல்லாம் கேட்டவர்கள்தான். மில்கிராம் தானே கேட்கப் போனபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. இடம் கிடைத்ததும், வாங்கிய இடத்துக்கு நியாயம் கற்பிப்பது போல உடம்பு சரியில்லாதவராகத் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்தாராம். உங்களிடம் நிஜமான காரணமே இருக்கிறது.

வேலை, வீடு, வண்டி

ரயிலுக்காக வேலையை விடுவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் முடிவில் பயம்தான் பேசும். வேலையை விட்டாலும் அந்தப் பயம் உங்களோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும். ஆனால் "பயணம்தானே, பல்லைக் கடித்துக்கொள்" என்றும் சொல்ல மாட்டேன். அலாய்ஸ் ஸ்டுட்சர், புருனோ ஃப்ரே என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல வருடத் தரவுகளைப் பார்த்தபோது, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைந்தது. தூரத்துக்கு ஈடாகக் கிடைக்கும் நல்ல சம்பளமோ நல்ல வீடோ அதைச் சரிக்கட்டவில்லை. வீடு தேடும்போது அறைகளை எண்ணுகிறோம், தினமும் கரையும் இரண்டரை மணி நேரத்தை எண்ணுவதில்லை. வாடகை ஒப்பந்தம் முடியும்போது இதையும் ஒரு அறையாகக் கணக்கில் சேருங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும், இருசக்கர வண்டி வாங்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கைப்பிடி நம் கையில் என்ற நிம்மதி உண்மைதான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் பஸ்ஸையும் ரயிலையும்விட உயிராபத்து பல மடங்கு. அதுவும் இப்போது இருக்கும் கோபத்தோடு வேண்டவே வேண்டாம்.

முதலில் தட்ட வேண்டிய கதவு அலுவலகத்தினுடையது. "நெரிசல் தாங்கவில்லை" என்று போய் நிற்காதீர்கள். மேலாளரும் அதே நெரிசலில்தான் வந்திருப்பார். "ஒரு மாதத்துக்கு மட்டும் முக்கால் மணி முன்னதாக வந்து முன்னதாகக் கிளம்புகிறேன், மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் பழைய நேரம், மாத முடிவில் வேலை பாதித்ததா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் கடிதம் கொடுத்தால் அதையும் சேர்க்கலாம்.

மகன் விஷயத்துக்கு ஒரு சின்ன வழி. ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடந்து வாருங்கள். அந்தப் பத்து நிமிடம் யாரும் உங்களை இடிக்க மாட்டார்கள். வீட்டுக்குள் வந்ததும், "அம்மாவுக்குக் கால் மணி நேரம் கொடு, அப்புறம் வருகிறேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு முகம் கழுவப் போங்கள். நானும் ஒரு காலத்தில் பஸ்ஸில் சேர்த்துக்கொண்டு வந்ததை வீட்டில் கொட்டியவன். கொட்டியதை அள்ளுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அந்தப் பெரியவர் இன்னும் அதே ரயிலில்தான் வருகிறார், அவரைப் பார்த்ததும் வேறு பெட்டிக்கு ஓடுகிறேன் என்கிறீர்கள். கேளுங்கள், மன்னிப்பு. நீளமாக விளக்க வேண்டாம், உங்கள் கஷ்டத்தையெல்லாம் அவரிடம் இறக்கவும் வேண்டாம். "அன்றைக்கு உங்களைக் கத்திவிட்டேன், தப்பு என்னுடையது" என்பது போதும். அவருக்கு ஞாபகமே இல்லாமலும் இருக்கலாம். அவர் இறங்கும் ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாகச் சொல்லுங்கள். என்ன பதில் சொல்வது என்று தெரியாவிட்டால், இறங்கிப் போக அவருக்கும் ஒரு கதவு கிடைக்கும்.